அண்ணன் வண்டியின் காந்தல் வாடை

அண்ணனுடைய வண்டியை ஸ்கிராப்புக்கு அனுப்பிவிடலாம் என்று மாமா முதலில் சொன்னது அந்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டுதான். அண்ணன் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். மாமா கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினார், பிறகு உள்ளே இழுத்து மறுபடி மோந்து பார்த்தார்.

“என்னம்மா வாடை இது?”

“எந்த வாடை மாமா?”

ஒரு வாரத்துக்கு மேலாக எனக்குத் தெரிந்த வாடைதான். பொய் சொன்னேன்.

“தீயிற வாடை. மீன் கருகின மாதிரி. இது வயரு. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் வண்டி இப்படித்தான் மீன் வாடை அடிச்சுச்சு. என்னமோ ஏதோன்னு விட்டுட்டான். எக்ஸ்பிரஸ்வேல பத்திக்கிச்சு. ஆளு குதிச்சுத் தப்பிச்சான்.”

“பாத்துக்கலாம் மாமா.”

“என்னத்தப் பாக்குறது? ஒருத்தனக் கொண்டு போயிருச்சு இந்த வண்டி. போதும்லா. ஸ்கிராப்புக்கு அனுப்பிடலாம்.”

பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடித்தார். “முடியாது” என்று சொல்லிவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. பள்ளிக்கூடமோ கல்யாணமோ சாவோ, கடைசி வார்த்தை மாமாவுடையதாகத்தான் இருக்கும். கெட்டவர் இல்லை. அண்ணன் போன பிறகு வண்டிப் பேப்பர் வேலையையெல்லாம் அவர்தான் தலையில் போட்டுக்கொண்டு அலைந்தார். அதனால் வண்டி இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்பதும் அவர் கையில் இருந்தது.

“ஒருத்தனைக் கொண்டு போன வண்டி.” இதைச் சொன்னது மாமா மட்டும் இல்லை. சாவு வீட்டில் சித்தி சொன்னாள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாள். நடந்தது இவ்வளவுதான். அண்ணனுக்குக் காய்ச்சல். கிளினிக் மாத்திரையில் குறையவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் ஆடினான். நான்தான் அவன் வண்டியில் அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சீட்டை அவனே பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். “ஓவரா பிரேக் போடாத, வாந்தி வருது” என்றான். வாசலில் இறங்கி நடந்தே உள்ளே போனான். திரும்பி வரவில்லை.

ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கலாம் என்று ஒருவரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்ததால் சொல்ல முடியவில்லை. என்னைச் சொல்ல முடியாமல் வண்டியைச் சொன்னார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். வண்டியை ஸ்கிராப்புக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்கு நான் விடமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

மாமா கடைசியில் ஒரு கெடு வைத்தார். “மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்குள்ள வாடை நின்னுச்சுன்னா வண்டி இருக்கட்டும். இல்லாட்டி நான் ஆள வரச் சொல்லிடுவேன். டீல்?”

“டீல்” என்றேன்.

அண்ணன் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மாலை டெலிவரி செய்துகொண்டிருந்தான். அவனுக்குப் பிறகு அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மத்தியானம் கிளம்பி, கோயில்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு ராத்திரி திரும்புவேன். வண்டிக்குள் மல்லிகை வாசனையும் சம்பங்கி வாசனையும் நிறைந்திருக்கும். இப்போது அதன் மேல் இந்தக் கருகல் வாடையும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு நிச்சயதார்த்த வீட்டில் பெண்ணின் அம்மா மாலையை வாங்கி மூக்கருகே கொண்டு போனவர் சட்டென்று தள்ளிப் பிடித்தார்.

“என்னம்மா, மாலையில கருவாட்டு வாடை அடிக்குது?”

“ரோட்டுல பக்கத்துல மீன் லாரி வந்துச்சு ஆன்ட்டி.”

“லாரி வந்தா கண்ணாடிய ஏத்த மாட்டியா?”

கடை முதலாளியம்மாவுக்கு அன்றைக்கே போன் போய்விட்டது. மாமாவின் கெடு ஒரு பக்கம், முதலாளியம்மாவின் முறைப்பு ஒரு பக்கம்.

உபி தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். சீன அங்கிள் ஒருவர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். “ஆயில் லீக் லா, கேர்ள். டிரிப், டிரிப், ஹாட் பைப் மேல. பர்னிங்” என்று விரலால் காட்டினார். எண்ணெய் கசிந்திருந்தது உண்மைதான். என் கண்ணாலேயே பார்த்தேன். கசிந்த இடத்துக் கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தார். அதற்கடுத்து இரண்டு நாள் வாடையே இல்லை. மாமாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. மறுநாள் லாவெண்டர் ஸ்திரீட் சிக்னலில் நின்றபோது வாடை திரும்பி வந்தது. இந்தத் தடவை எண்ணெய் வாடை கலக்கவில்லை. மீன் கருகல் மட்டும் தனியாக, சுத்தமாக வந்தது.

இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு மலாய்க்காரர் மோந்து பார்த்துவிட்டு மாமா சொன்னதையே சொன்னார். வயர் உறை சூடாகி உருகினால் மீன் வாடைதான் வருமாம். டேஷ்போர்டை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும், பழைய வண்டிக்கு எதற்கு இவ்வளவு சிரமம் என்றார். நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி நானே பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்ட மாமா சிரித்தார்.

“ரெண்டு மெக்கானிக்கு சொன்னது போதாதா? நீ பாத்து என்ன பண்ணப் போற? செக்கண்டரி ஸ்கூலே முடிக்கல. இப்ப இன்ஜினியராயிட்டியா?”

“வாடை பிடிக்க எதுக்கு மாமா செக்கண்டரி? மூக்கு இருந்தாப் போதாதா?”

“வாயி மட்டும் அவன மாதிரியே இருக்கு” என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து நானே தேட ஆரம்பித்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக் ஃபேரர் பார்க்கில். வண்டி நிற்பது பக்கத்துக் கார்பார்க்கின் மேல் டெக்கில். கூரை கிடையாது. வெயில் சுடும் என்று மற்றவர்கள் கீழ்த்தளத்துக்கு அடித்துக்கொள்வார்கள். அண்ணனுக்கு மேல் டெக்தான் பிடிக்கும். சிகரெட் பிடித்தால் யாருக்கும் தெரியாது.

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினாலும் கருகும் என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே சூடு. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். எதுவும் கருகவில்லை. பேட்டரி முனை சுத்தமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். அண்ணனுடைய லைட்டர் ஒன்று கிடைத்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தேடினேன்.

ஏர்கானில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் உள்காற்றே சுற்றும், இன்னொரு பக்கம் தள்ளினால் வெளிக்காற்று வரும். உள்காற்றில் வைத்தால் வாடை இல்லை. வெளிக்காற்றுக்கு மாற்றியதும் குப்பென்று வந்தது. வயர் டேஷ்போர்டுக்குள் கருகினால் இரண்டிலும் வர வேண்டாமா? அப்படியென்றால் வெளியே, காற்று உள்ளே போகும் வழிக்குப் பக்கத்தில்தான் ஏதோ கருகுகிறது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கேஸ்கெட் மாற்றிய பிறகு வாடை வராத அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து மழை. மழை பெய்தால் வாடை வராது என்றால் அது எப்படி வயராகும்?

வெளிக்காற்று போகும் வழி முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில். போய் நின்று பார்த்தேன். வைப்பர் ரப்பர் நுனி பிய்ந்து தொங்கியது. வெயிலில் வெடிக்கவில்லை. கடித்துப் பிய்த்த மாதிரி இருந்தது. பானெட்டும் கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை உண்டு. அதில் ஒரு சாண் நீளத்துக்குக் காணவே காணோம். அந்த இடைவெளிக்குள் டார்ச் அடித்தேன். கீழே நேராக எக்ஸாஸ்ட் குழாய். அதன் மேல் தகட்டு மூடி. அந்த மூடி மேல் கரிக்கட்டி கரிக்கட்டியாக என்னமோ ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து நீளமான ஸ்குருடிரைவரை விட்டுச் சுரண்டினேன். ஒரு கட்டி வந்தது. விரலால் உடைத்தேன். வெளியே கரி, உள்ளே பழுப்பாகச் சோறு. சோற்றுக்குள் ஒரு சின்னத் தலை. கண்ணோடு. இக்கான் பிலிஸ்.

நாங்கள் நெத்திலி என்று சொல்வதில்லை. மார்க்கெட்டில் வாங்கிவரும் காய்ந்த பொடி மீன் எங்கள் வீட்டில் எப்போதும் இக்கான் பிலிஸ்தான். அண்ணனுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து வெங்காயம் போட்டு அம்மா தட்டில் வைத்தால் முதலில் மீனைத் தின்றுவிட்டுப் பிறகுதான் சோற்றைப் பார்ப்பான். அவன் போனதிலிருந்து எங்கள் தட்டில் அது வந்ததே இல்லை. ஆனால் தினமும் காலையில் வீட்டில் வறுக்கும் வாசனை வரும். நான் தூக்கத்தில் புரண்டு படுத்துக்கொள்வேன். அம்மா தனக்கு வறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலையிலேயே மேல் டெக்குக்குப் போனேன். லிஃப்ட் கதவு திறந்ததும் பார்த்தேன். அம்மா வண்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். பானெட்டின் மேல் கண்ணாடியை ஒட்டி ஒரு வாழையிலைத் துண்டு. இலை பறக்காமல் இருக்க வைப்பரைத் தூக்கி அதன் விளிம்பை அடியில் சொருகியிருந்தாள். பார்க்கிங் சம்மன் சொருகுகிற இடத்தில் சோறு. இரண்டு காக்கை கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று வைப்பர் ரப்பரை இழுத்துப் பார்த்தது.

“அம்மா.”

அவள் திரும்பவில்லை. “தள்ளி நில்லு பாப்பா. நீ கிட்ட வந்தா எறங்க மாட்டான்.”

தள்ளி நின்றேன். காக்கைகள் இலையைப் புரட்டின. சோறு நாலாபுறமும் தெறித்தது. பாதி கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்துக்குள் போனது. தின்று முடித்துப் பறந்ததும் அம்மா இலையை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டாள்.

“ஏம்மா இங்க வைக்கிற?”

“வேற எங்க வைக்கிறது? கீழ புல்லுல வச்சா, பறவைக்குச் சோறு போடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான். ஒருத்தர் வந்து ஐசி கார்டு கேட்டாரு. காரிடார்ல ஒரு வாரம் வச்சுப் பாத்தேன். ஒரு காக்காவும் வரல. வச்ச சோத்த நானே எடுத்தேன் பாப்பா, நானே. இங்க வச்ச அன்னிக்கே வந்துருச்சு. மழை பேஞ்ச ரெண்டு நாள்தான் வைக்கல. அவன் வண்டி அவனுக்குத் தெரியாதா?”

“அம்மா, அந்தச் சோறு உள்ள விழுது. இன்ஜின் சூட்டுல கருகுது. மாமா சொல்ற வாடை அதுதான்.”

அவள் பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் வச்ச சோறா?”

“ஆமா.”

“அதுக்கா வண்டிய அனுப்பணுங்கிறான்?” பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். “சரி விடு. நாளைக்கிருந்து வைக்கல.”

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது. போர்டு மேலா, மாமா மேலா, வைக்கவில்லை என்று அவ்வளவு சீக்கிரம் சொன்ன அம்மா மேலா.

“வைக்காதன்னு நான் சொன்னேனா? சோறும் நிக்காது, வண்டியும் போகாது. வேற எடத்துல வைப்போம். இப்ப அந்தத் தட்டக் குடு.”

அவள் சோறு கொண்டுவந்த எவர்சில்வர் தட்டைத்தான் கேட்டேன். இரண்டு வைப்பரையும் கழற்றினேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த நீளமான பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியபோது கிளிப் இரண்டு உடைந்தது. கழற்றிய ஸ்குரூ எல்லாம் தட்டில் போனது. அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் தட்டைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே அத்தனை நாள் சோறும் கிடந்தது. சிலது காய்ந்து மணியாக, சிலது பூசணம் பிடித்து. இலைத் துணுக்கு, ரப்பர் துணுக்கு. ஏர்கான் காற்று போகும் வலையில்கூட மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து, வீட்டு வேக்குவம் கிளீனரைத் தூக்கிவந்து உறிஞ்சி, பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தகட்டு மூடியில் கை எட்டிய வரை சுரண்டினேன். எட்டாத மூலையில் கொஞ்சம் இருந்தது. ஓட ஓட எரிந்துபோகும் என்று விட்டுவிட்டேன். புது ரப்பர் பட்டை வாங்கி ஒட்டினேன். பெரிய கட்டி ஒன்றை மட்டும் டிஷ்யூவில் மடித்து டேஷ்போர்டு முன்பெட்டியில் வைத்தேன். அது எதற்கென்று அப்போது தெரியவில்லை. தூக்கிப்போட மனசு வரவில்லை.

மாசக் கடைசியும் வந்தது. மாமா அன்று கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். “நீ ஓட்டு. நான் மோந்துக்கிட்டே வர்றேன். போற வரைக்கும் வாடை வரலன்னா அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்க மாட்டேன்.” அம்மா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பொத்தானை வெளிக்காற்றில்தான் வைத்தேன். உள்காற்றில் வைத்து ஏமாற்றியிருக்கலாம். அப்படி ஜெயிக்க எனக்கு விருப்பம் இல்லை. காலாங் ஆறு தாண்டும் வரை ஒன்றும் இல்லை. மாமா ஜன்னலை ஏற்றினார், இறக்கினார். சிம்ஸ் அவென்யூவில் பெரிய சிக்னலில் நின்றோம். மெல்லியதாக வந்தது. அந்த எட்டாத மூலை.

“வருதுல்ல?”

“வருது.”

“அப்ப முடிஞ்சுச்சு. டீல் டீல்தான்.” அதில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இருக்கறது நீ ஒருத்திதான். ஓடும்போது பத்திக்கிச்சுன்னா?”

“அது வயர் இல்ல மாமா. இக்கான் பிலிஸ்.”

“என்னது?”

முன்பெட்டியிலிருந்து டிஷ்யூவை எடுத்து அவர் மடியில் போட்டேன். பிரித்தார். மோந்தார்.

“இது வயரா மீனான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“மீனுக்குக் கண்ணு இருக்கு மாமா. வயருக்கு இல்ல.”

அவர் கட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்து அம்மா பேசினாள். அண்ணன் விஷயமாக மாமாவிடம் அவள் நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

“நான்தான் தம்பி வச்சேன். அவனுக்கு. வண்டி மேல. தெனம்.”

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா வைக்க விட்டிருப்பியா?”

“ஃபைன் போடுவாங்கக்கா.”

“போடட்டும்.”

பச்சை விழுந்தது. நான் ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே சொன்னேன். நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“இந்த வண்டி யாரையும் கொண்டு போகல மாமா. அன்னிக்கு ஓட்டுனது நான். அவனுக்கு நிக்க முடியல, நான் ஏத்திக்கிட்டுப் போனேன். இன்னிக்கு அதே மாதிரி ஒருத்தருக்கு ஆனாலும் ஏத்திக்கிட்டுப் போவேன். ஏதாவது சொல்லணும்னா என்னச் சொல்லுங்க.”

“உன்ன யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. அதான் வண்டியச் சொல்றீங்க.”

கோயில் வந்தது. மாமா டிஷ்யூவை மறுபடி மடித்து, கீழே போடாமல், எடுத்த இடத்திலேயே வைத்தார். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். அவர் நேராக வண்டியில் ஏறவில்லை. முன்னால் போய்ப் பானெட்டும் கண்ணாடியும் சேரும் இடத்தில் குனிந்து, நான் ஒட்டிய ரப்பர் பட்டையை முனையிலிருந்து முனை வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றார்.

“இங்க தூக்கிக்கிட்டு இருக்கு பாரு. இதுலதான் மறுபடி போகும். நல்ல பசை வாங்கி ஒட்டு.”

“ஒட்டுறேன்.”

திரும்பி வரும்போது ஜன்னலை அவர் இறக்கவே இல்லை. அடுத்த வாரம் போன் செய்து என் ஐசி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வண்டியை என் பெயருக்கு மாற்ற வேண்டுமாம்.

மிச்சமிருந்த கரியும் ஓட ஓட எரிந்து போய்விட்டது. இப்போது வண்டிக்குள் பூ வாசனை மட்டும்தான். அம்மா இலையைப் பானெட்டில் வைப்பதில்லை. விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வண்டியின் கூரை மேல் வைக்கிறாள். அடியில் ஈரத்துணி போட்டிருப்பதால் வழுக்காது. இக்கான் பிலிஸ் இப்போது எங்கள் தட்டிலும் விழுகிறது. கூரை முழுக்கக் காக்கை நகம் கீறிக் கோடு கோடாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாமா அதைத் தடவிப் பார்த்தார்.

“பாக்க அசிங்கமா இருக்கும்மா. எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு. பெயிண்ட் அடிச்சிடலாம்.”

முடியாது என்றேன்.